‘ஆவன செய்யப்படும்’ என்றால் யார் செய்வார், எப்போது செய்வார்?

வார்டில் உள்ள ஒரு குறையை மன்றத்தில் எழுப்பினால் ‘முடியாது’ என்ற பதில் அநேகமாக வராது. ‘பரிசீலனையில் உள்ளது’, ‘உரிய நடவடிக்கை எடுக்கப்படும்’, ‘போர்க்கால அடிப்படையில் பணிகள் முடுக்கிவிடப்பட்டுள்ளன’ என்றுதான் வரும். ‘முடியாது’ என்று சொல்லியிருந்தால் காரணம் கேட்கலாம், மேலிடத்துக்கு எழுதலாம். இந்தப் பதில்களை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. ஆள் பெயர் இல்லை, தேதி இல்லை, தொகை இல்லை. ஆறு மாதம் கழித்துக் கேட்டாலும் இதே பதிலைச் சொல்லலாம். அப்போதும் அது பொய்யாகாது.

இப்படிப்பட்ட பதிலை உடைத்து உள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்பதும், நாம் பேசும்போது அதே தவறைச் செய்யாமல் இருப்பதும் இந்த அத்தியாயத்தின் வேலை. மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சிக் கவுன்சிலர்களுக்கும், ஊராட்சி வார்டு உறுப்பினர்களுக்கும், கிராம சபைக்கோ ஏரியா சபைக்கோ போகும் வாக்காளர்களுக்கும் இது பொருந்தும். சட்டம் படித்திருக்க வேண்டியதில்லை. ஒரு நோட்டும் பேனாவும் அஜெண்டா நகலும் போதும்.

முதலில் தெரிய வேண்டியது: ஒரு வேலை நகரும் வரிசை

தெருவுக்கு வடிகால் கட்டுவதை எடுத்துக்கொள்வோம். நகராட்சியில் அது ஏறத்தாழ இப்படி நகரும்:

1. மனுவோ கவுன்சிலரின் கோரிக்கையோ பதிவாகும். ஒரு பதிவு எண் விழும்.
2. ஓவர்சியரோ இளநிலைப் பொறியாளரோ (ஜே.இ.) நேரில் வந்து டேப் பிடித்து அளவெடுப்பார்.
3. எஸ்டிமேட் தயாராகும். எந்த நிதி என்பதும் இங்கே வரும்: பொதுநிதியா, நிதிக்குழு மானியமா, மாநில அரசின் திட்டமா.
4. மன்றத்தில் தீர்மானம், நிர்வாக அனுமதி.
5. தொழில்நுட்ப அனுமதி. தொகையைப் பொறுத்து எந்த நிலைப் பொறியாளர் கையெழுத்திட வேண்டும் என்பது மாறும்.
6. டெண்டர். 1998-ஆம் ஆண்டின் டெண்டர் வெளிப்படைத்தன்மைச் சட்டம் இதைக் கட்டுப்படுத்துகிறது.
7. ஒப்பந்தம், ஒர்க் ஆர்டர். வேலையை முடிக்க வேண்டிய கெடு இதில் இருக்கும்.
8. வேலை நடக்கும். அளவுகள் எம்-புக்கில் (அளவுப் புத்தகத்தில்) ஏறும்.
9. பில் பாஸாகும்.

சின்ன வேலைகளிலும் அவசர வேலைகளிலும் சில படிகள் சுருங்கும். ஊராட்சியில் சில கையெழுத்துகள் ஒன்றிய அலுவலகத்தில், வட்டார வளர்ச்சி அலுவலர் (பி.டி.ஓ.) மட்டத்தில் நடக்கும். ஆனால் வரிசை பெரிதாக மாறாது. இதை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள். இனி எந்தப் பதில் வந்தாலும் நீங்கள் கேட்க வேண்டியது ஒன்றுதான்: இந்த வேலை இப்போது எத்தனையாவது படியில் நிற்கிறது? ‘பரிசீலனை’ என்ற ஒரே சொல் முதல் படிக்கும் பொருந்தும், ஐந்தாவது படிக்கும் பொருந்தும். ஒன்றாம் படியில் நிற்கும் வேலைக்கும் ஐந்தாம் படியில் நிற்கும் வேலைக்கும் இடையில் ஒரு வருடமே இருக்கலாம்.

அஜெண்டாவைப் பென்சிலோடு படியுங்கள்

கூட்டத்தன்று மேஜையில் வைக்கும் அஜெண்டாவைப் புரட்டிப் பார்ப்பது படிப்பதாகாது. ஐம்பது அறுபது பொருள்கள் ஒரே மூச்சில் வாசிக்கப்பட்டு ‘ஆல் பாஸ்’ என்று முடிந்துபோகும் கூட்டங்களைப் பார்த்திருக்கிறேன். எந்தப் பொருளில் எவ்வளவு பணம் போகிறது என்று கை உயர்த்தியவர்களில் பாதிப் பேருக்குத் தெரிந்திருக்காது. முன்கூட்டியே நகல் வாங்கி வீட்டில் உட்கார்ந்து படியுங்கள்.

பயிற்சிக்காக நான் எழுதிய ஒரு மாதிரிப் பொருள் இது. உண்மையான அஜெண்டாக்களின் நடையும் இதுதான்:

‘14-வது வார்டுக்குட்பட்ட பகுதிகளில் பொதுமக்கள் நலன் கருதி மழைநீர் வடிகால் சீரமைப்பு உள்ளிட்ட அத்தியாவசியப் பணிகள் அவசர அவசியம் கருதி மேற்கொள்ளப்பட்டதில் ஏற்பட்ட செலவினம் ரூ.4,80,000-ஐ பொதுநிதியிலிருந்து வழங்கவும், மேற்படி பணிகளுக்குத் தலைவர் அவர்களின் முன் அனுமதி பெறப்பட்டதைப் பதிவு செய்யவும் மன்றத்தின் பின்னேற்பு வேண்டப்படுகிறது.’

இதை இப்படிப் பிரியுங்கள்.

1. எந்த வேலைக்கும் பொருந்தக்கூடிய சொற்களைப் பென்சிலால் அடியுங்கள். ‘பொதுமக்கள் நலன் கருதி’, ‘அத்தியாவசிய’, ‘அவசர அவசியம் கருதி’ மூன்றும் போய்விடும். அடித்த பிறகும் தகவல் எதுவும் குறையவில்லை என்பதைக் கவனியுங்கள்.

2. ‘உள்ளிட்ட’, ‘போன்ற’, ‘இதர’, ‘மற்றும் பிற’ என்ற சொற்களை வட்டமிடுங்கள். அஜெண்டாவில் மிகவும் கவனமாகப் பார்க்க வேண்டிய சொற்கள் இவைதான். ‘வடிகால் சீரமைப்பு உள்ளிட்ட’ என்றால் வடிகால் வேலைக்கு எவ்வளவு, மற்றவை என்னென்ன, அவற்றுக்கு எவ்வளவு? இந்தக் கேள்விக்குப் பதில் வராமல் அந்தப் பொருள் நிறைவேறக் கூடாது.

3. இடத்தைத் தேடுங்கள். ‘பகுதிகளில்’ என்பது இடமே அல்ல. தெருப் பெயர், எங்கிருந்து எங்கே வரை, எத்தனை மீட்டர் என்பதுதான் இடம்.

4. வினைச்சொல்லைப் பாருங்கள். ‘மேற்கொள்ளப்பட்டதில்’ என்று இருக்கிறது. வேலை முடிந்துவிட்டது, பணம் கொடுக்க மட்டும் இப்போது உங்கள் சம்மதம் வேண்டும். ‘பின்னேற்பு’ என்பதன் பொருள் அதுதான். குழாய் உடைந்து தெருவில் தண்ணீர் ஓடும்போது மன்றம் கூடும் வரை காத்திருக்க முடியாது. அதற்காகத்தான் இந்த வழி இருக்கிறது. ஆனால் அஜெண்டாவில் பாதிப் பொருள் பின்னேற்பாகவே வந்தால், செலவை மன்றம் தீர்மானிக்கவில்லை, பிறகு கேள்விப்படுகிறது என்றுதான் அர்த்தம். ஒவ்வொரு பின்னேற்புக்கும் முன் அனுமதி கொடுத்த தேதியையும் வேலை தொடங்கிய தேதியையும் கேளுங்கள். வேலை தொடங்கிய பிறகு முன் அனுமதி என்றால் அது முன் அனுமதி அல்ல.

5. யார் செய்தார் என்று தேடுங்கள். ஒப்பந்ததாரர் பெயர் இல்லை, மேற்பார்த்த பொறியாளர் பெயரும் இல்லை. கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

எல்லாப் பதில்களும் கிடைத்தபின் அதே பொருளை உங்கள் நோட்டில் நேராக எழுதிப் பாருங்கள்: ‘14-வது வார்டு அம்மன் கோவில் தெருவில் ரேஷன் கடையிலிருந்து பள்ளி வாசல் வரை 60 மீட்டர் வடிகால் தூர் வாரப்பட்டது. உடைந்த 22 மூடிகள் மாற்றப்பட்டன. செலவு ரூ.4,80,000.’

இப்படி எழுதியதும் ஒரு கேள்வி தானாக எழும்: 60 மீட்டர் தூர் வாரவும் 22 மூடிக்கும் இவ்வளவு ஆகுமா? நியாயமான கணக்கே இருக்கலாம். மூடிகள் கனமான கான்கிரீட்டாக இருக்கலாம், பக்கச் சுவரும் கட்டியிருக்கலாம். ஆனால் பழைய வாசகத்தைப் படித்தபோது அந்தக் கேள்வியே எழவில்லை. தெளிவான மொழி வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதற்காகத்தான்.

குறிப்பு: அஜெண்டா முழுவதையும் இப்படிப் பிரிக்க நேரம் இருக்காது. உங்கள் வார்டுப் பொருள்கள், தொகை பெரிதாக உள்ளவை, ‘பின்னேற்பு’ என்று முடிபவை ஆகியவற்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

பதிலிலிருந்து பெயரையும் தேதியையும் வாங்குவது

வெற்றுப் பதில் வந்ததும் குரலை உயர்த்தினால் கூட்டம் உங்கள் கோபத்தைத்தான் நினைவில் வைக்கும். சின்னச் சின்னக் கேள்வியாக, அடுத்தடுத்துக் கேளுங்கள். ஒரு கவுன்சிலர் கேட்க வேண்டிய விதம் இது:

“சார், எங்க வார்டு வடிகால் பரிசீலனையில இருக்குன்னு சொன்னீங்க. எஸ்டிமேட் போட்டாச்சுங்களா?”

“அது பிராசஸ்ல இருக்குங்க மேடம்.”

“அளவெடுத்தாச்சா சார்?”

“இன்னும் எடுக்கல. ஓவர்சியர் ஒருத்தர்தான் இருக்காரு, நாலு வார்டு பாக்குறாரு.”

“சரிங்க சார். அவர் எங்க வார்டுக்கு எந்த தேதி வர முடியும்? நானும் கூட நிக்கிறேன்.”

“வர்ற வியாழக்கிழமை வரச் சொல்றேன்.”

“தலைவர் அவர்களே, வியாழக்கிழமை அளவெடுப்பதாக உதவிப் பொறியாளர் உறுதி சொல்லியிருக்கிறார். அதை மினிட்டில் பதிவு செய்யக் கேட்டுக்கொள்கிறேன்.”

மூன்று நான்கு கேள்விகளில் ‘பரிசீலனை’ என்ற சொல்லுக்குள் இருந்தது வெளியே வந்துவிட்டது: யாரும் இன்னும் டேப்பே பிடிக்கவில்லை. உண்மையான காரணமும் தெரிந்தது, ஆள் பற்றாக்குறை. அதிகாரி அவமானப்படவும் இல்லை. கடைசி வரியில் கவுன்சிலர் பேச்சு நடையிலிருந்து மன்ற நடைக்கு மாறியதைக் கவனியுங்கள். பதிவாக வேண்டிய வாக்கியத்தை அப்படியே எழுதிக்கொள்ளும்படி சொல்ல வேண்டும்.

அடிக்கடி வரும் வேறு சில பதில்களுக்கு:

‘கருத்துரு அனுப்பப்பட்டுள்ளது.’ எந்த அலுவலகத்துக்கு, எந்தத் தேதியில், கடித எண் என்ன? எண் இல்லாத கருத்துரு அனுப்பப்படவில்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

‘நிதி ஆதாரத்துக்கு ஏற்பப் பணி மேற்கொள்ளப்படும்.’ எந்த நிதி? அந்தத் திட்டத்தில் இந்த வேலையின் பெயர் சேர்க்கப்பட்டதா? சேர்க்கப்படவில்லை என்றால் நிதி வந்தாலும் வேலை வராது.

‘சம்பந்தப்பட்ட துறைக்குத் தெரிவிக்கப்பட்டுள்ளது.’ நெடுஞ்சாலைத் துறையா, மின்வாரியமா, குடிநீர் வடிகால் வாரியமா? கடித நகலைக் கேளுங்கள். அந்த நகலோடு நீங்களே அந்தத் துறைக்குப் போகலாம்.

‘விரைவில்’, ‘துரித கதியில்’, ‘போர்க்கால அடிப்படையில்’. இன்று எத்தனை ஆட்கள், எத்தனை வண்டிகள் வேலையில் இருக்கின்றன? எந்தத் தேதியில் முடியும்?

பெரிய திட்டத்தைக் காட்டிச் சின்ன வேலையை நிறுத்தி வைக்கும் பதில் ஒன்று உண்டு. அதற்கு மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ‘ஒருங்கிணைந்த பாதாளச் சாக்கடைத் திட்டம் வரவிருப்பதால் தற்போது சாலைப் பணி மேற்கொள்ள இயலாது; விரிவான திட்ட அறிக்கை தயாரிப்பில் உள்ளது.’ கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கும். புதுச் சாலையைப் போட்டு மறு மாதமே தோண்டுவது வீண் செலவு. ஆனால் திட்ட அறிக்கை, அரசு ஒப்புதல், கடன், டெண்டர் என்று அந்தத் திட்டம் இழுத்துக்கொண்டே போகும்; குழி நிறைந்த தெருவில் மழைக்காலங்கள் கடந்து போகும். இங்கே இரண்டு கேள்வி கேளுங்கள். இந்தத் தெருவில் குழாய் பதிக்கும் வேலை எந்த மாதம் தொடங்கும்? அதுவரை குழியை எதைக் கொண்டு, எப்போது நிரப்புவீர்கள்? முதல் கேள்விக்கு அவர்களிடம் உண்மையிலேயே பதில் இல்லாமல் இருக்கலாம். இரண்டாவதற்குப் பதில் இருந்தே ஆக வேண்டும். அதை வாங்காமல் உட்காராதீர்கள்.

அதிகாரிகள் ஏன் இப்படிப் பேசுகிறார்கள் என்பதையும் புரிந்துகொள்வது நல்லது. தேதி சொன்னால் அந்தத் தேதியில் பிடித்துக்கொள்வார்கள். எழுத்தில் கொடுத்தால் நாளை தணிக்கையில் கேள்வி வரும். கையெழுத்துப் போடும் அதிகாரம் மேலே வேறு ஒருவரிடம் இருக்கும். கீழ்நிலை ஊழியர் ‘ஆவன செய்யப்படும்’ என்று எழுதுவது பல சமயம் ஏமாற்ற அல்ல, தன்னைக் காத்துக்கொள்ள. அதனால் அவரிடம் சண்டை வேண்டாம். முடிவெடுக்கும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்று கேட்டு, கேள்வியை அங்கே கொண்டுபோங்கள்.

இந்த நோய் நமக்கு மட்டும் உரியதல்ல. இங்கிலாந்தில் உள்ளாட்சி மன்றங்களின் சங்கமே 2009-இல், மக்களிடம் பேசும்போது மன்றங்கள் தவிர்க்க வேண்டியவை என்று 200 சொற்களைப் பட்டியல் போட்டுக் கொடுத்தது. உங்கள் மன்றத்துக்கும் அப்படி ஒரு பட்டியல் வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவரலாம். பத்துச் சொற்களோடு தொடங்கினால்கூடப் போதும்.

நீங்கள் எழுதும் மனுவிலும் அதே குறை

‘எங்கள் பகுதியில் அடிப்படை வசதிகள் இல்லாமல் பொதுமக்கள் மிகுந்த சிரமத்துக்கு உள்ளாகி வருகின்றனர். ஆகவே சமூகம் அவர்கள் கருணை கூர்ந்து ஆவன செய்யுமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறோம்.’ இப்படி மனு கொடுத்தால் ‘ஆவன செய்யப்படும்’ என்ற பதில் வருவதில் ஆச்சரியம் என்ன? என்ன வேண்டும் என்று நாமே சொல்லவில்லையே.

1. ஒரு மனுவில் ஒரே ஒரு வேலை. குடிநீர், விளக்கு, சாக்கடை, நாய்த் தொல்லை நான்கையும் ஒன்றாக எழுதினால் மனு எந்தப் பிரிவுக்குப் போவது என்று தெரியாமல் நிற்கும்.
2. முதல் வரியிலேயே வேலையைச் சொல்லுங்கள்: ‘பாரதி தெருவில் 3 தெருவிளக்குகளை மாற்ற வேண்டும்.’
3. இடத்தைக் கண்ணை மூடிக்கொண்டு போனாலும் தவறாமல் சேரும்படி எழுதுங்கள்: கம்ப எண், கதவு எண், எதிரில் உள்ள கடை.
4. எப்போதிலிருந்து இந்த நிலை, முன்பு யாரிடம் சொன்னீர்கள், அப்போது கிடைத்த பதிவு எண்.
5. யாருக்கு என்ன பாதிப்பு என்று ஒரு வரி. ‘பொதுமக்கள்’ என்று எழுதாதீர்கள். ‘இரவு ஷிப்ட் முடிந்து பத்து மணிக்கு மேல் இந்தத் தெரு வழியாகத்தான் மில் பெண்கள் வருகிறார்கள்’ என்று எழுதுங்கள்.
6. எந்தத் தேதிக்குள் பதில் வேண்டும் என்று கேட்டு முடியுங்கள்.
7. நகலில் முத்திரையும் தேதியும் பதிவு எண்ணும் வாங்காமல் அலுவலகத்தை விட்டு வெளியே வராதீர்கள்.

மன்றத்தில் பேசுவதற்கும் இதே முறைதான். கட்சித் தலைவர்களுக்கும் மாவட்டப் பொறுப்பாளர்களுக்கும் மன்றத் தலைவருக்கும் நன்றியும் வாழ்த்தும் சொல்வதிலேயே பல உறுப்பினர்களின் நேரம் தீர்ந்துவிடுகிறது. உங்களுக்கு மூன்று நிமிடம் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வணக்கம், ஒரு பிரச்சினை, ஒரு கேள்வி. எழுதி வைத்து வீட்டில் ஒரு தடவை சத்தமாகப் படித்துப் பாருங்கள். உங்கள் அம்மாவுக்கோ எதிர்வீட்டு அக்காவுக்கோ படித்துக் காட்டுங்கள். அவர் ‘என்னது?’ என்று கேட்கும் இடத்தைத் திருத்துங்கள்.

புதிதாக வந்திருக்கும் பெண் உறுப்பினர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். தமிழ்நாட்டில் உள்ளாட்சிப் பதவிகளில் பெண்களுக்கான ஒதுக்கீட்டை 50 சதவீதமாக உயர்த்தும் சட்டம் 2016-இல் வந்தது. பதவி வந்தும், ‘இந்த டெக்னிக்கல் விஷயமெல்லாம் உங்களுக்கு எதுக்கும்மா, நாங்க பாத்துக்கறோம்’ என்று கோப்பைக் கணவரிடமோ மைத்துனரிடமோ கொடுக்கும் வழக்கம் பல ஊர்களில் இன்னும் போகவில்லை. புரியாத சொற்கள்தான் அந்த வழக்கத்தைத் தாங்கி நிற்கின்றன. குடும்பக் கணக்கு எழுதத் தெரிந்தவருக்கு எஸ்டிமேட்டும் எம்-புக்கும் புரியாமல் போகாது. புரியாத சொல்லைக் கூட்டத்திலேயே, ‘இதுக்கு என்ன அர்த்தம், தமிழ்ல சொல்லுங்க சார்’ என்று கேளுங்கள். கேட்பதில் எந்தக் குறைச்சலும் இல்லை. உங்களுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் இன்னும் நாலு பேருக்கும் அது புரிந்திருக்காது.

வாக்காளரிடம் பேசும்போது

கவுன்சிலர்களே அதிகம் செய்யும் தவறு இங்கேதான். டீக்கடையில் ஒருவர் நிறுத்திக் கேட்டால் ‘கண்டிப்பா செஞ்சிடலாம்ணே’, ‘பாத்துக்கலாம்’ என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்புவது. அது ‘ஆவன செய்யப்படும்’ என்பதன் தெருப் பதிப்பு. ‘இந்த வருஷம் பட்ஜெட்ல இல்லண்ணே. அடுத்த பட்ஜெட்ல சேர்க்கச் சொல்லி எழுதிக் கொடுத்திருக்கேன், இதோ நகல்’ என்று சொல்லிப் பாருங்கள். அந்த நேரத்தில் அவர் முகம் வாடும். ஆனால் மறுமுறை நீங்கள் ‘முடியும்’ என்று சொன்னால் நம்புவார்.

கிராம சபையில்

ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாட்கள் தமிழ்நாட்டில் கிராம சபைக்கு உரியவை. ஊராட்சியின் மக்கள்தொகையைப் பொறுத்துக் குறைந்தபட்ச வருகை 50 பேரிலிருந்து 300 பேர் வரை தேவை. நகர்ப்புறங்களில் ஏரியா சபைக்கும் வார்டு குழுவுக்கும் 2022-இல் விதிகள் வந்தன.

கிராம சபையில் நடக்கும் பேச்சைவிடத் தீர்மானப் புத்தகத்தில் ஏறும் எழுத்துதான் முக்கியம். ‘ஊராட்சியின் வளர்ச்சிப் பணிகள் குறித்து விவாதிக்கப்பட்டு ஏற்கப்பட்டது’ என்று ஒரே வரியில் முடித்துவிட்டால், நீங்கள் இரண்டு மணி நேரம் பேசியதற்கு அடையாளமே இருக்காது. உங்கள் தீர்மானத்தை நீங்களே நாலு வரியில் எழுதிக் கொண்டுபோய், அதே வாசகத்தைப் பதிவு செய்யக் கேளுங்கள். எழுதிய பிறகு ஊராட்சி செயலரைச் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். அதன்பின் கையெழுத்து. அனுமதி கிடைத்தால் அந்தப் பக்கத்தை அங்கேயே படம் எடுத்துக்கொள்ளுங்கள். கிடைக்காவிட்டால் நகல் கேட்டு எழுதிக் கொடுங்கள்.

பதில் வராவிட்டால்: தகவல் உரிமைச் சட்டம்

2005-ஆம் ஆண்டின் தகவல் பெறும் உரிமைச் சட்டப்படி, 10 ரூபாய் கட்டணத்தோடு விண்ணப்பிக்கலாம். தமிழ்நாட்டில் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும். 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். தராவிட்டாலோ, பதில் திருப்தி தராவிட்டாலோ அடுத்த 30 நாட்களுக்குள் முதல் மேல்முறையீடு. அதன்பின் 90 நாட்களுக்குள் மாநிலத் தகவல் ஆணையத்துக்கு இரண்டாம் மேல்முறையீடு.

இங்கே எல்லோரும் செய்யும் தவறு, ‘ஏன் வேலை செய்யவில்லை?’ என்று கேட்பது. அலுவலகத்தில் இருக்கும் பதிவுகளைத்தான் இந்தச் சட்டம் உங்களுக்குத் தருகிறது. காரண விளக்கம் கேட்டால், ‘கேள்வி வடிவில் உள்ளது, தகவல் வரையறைக்குள் வராது’ என்று திருப்பிவிடுவார்கள். ஆவணத்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள்:

1. இன்ன தேதித் தீர்மானத்தின் நகல்.
2. அந்த வேலையின் எஸ்டிமேட் நகல்.
3. ஒர்க் ஆர்டர் நகல்.
4. எம்-புக்கில் அந்த வேலைக்கான பக்கங்களின் நகல்.
5. வழங்கப்பட்ட பில் தொகையும் தேதியும்.
6. என் மனு தொடர்பான கோப்பின் குறிப்புப் பக்கங்களின் நகல். மனு யார் மேஜையில் எத்தனை நாள் இருந்தது என்பது இதில் தெரியும்.

கோப்பை நேரில் பார்வையிடும் உரிமையும் இந்தச் சட்டத்தில் உண்டு. நகல் எடுக்கப் பக்கம் அதிகம் என்றால் பார்வையிடக் கேளுங்கள்.

பாதுகாப்பு: இவற்றில் தவறாதீர்கள்

வெற்றுத் தாளிலும், பாதி எழுதிய தீர்மானப் புத்தகத்திலும் கையெழுத்துப் போடாதீர்கள். வருகைப் பதிவேட்டுக் கையெழுத்து வேறு, தீர்மானத்தின் கீழ் போடும் கையெழுத்து வேறு. எதில் போடுகிறீர்கள் என்று மேலே உள்ள தலைப்பைப் படித்துவிட்டுப் போடுங்கள். ஒரு பொருளை ஏற்கவில்லை என்றால் ஆட்சேபத்தை எழுத்தில் கொடுத்து, அது பதிவானதா என்று அடுத்த கூட்டத்தில் சரிபாருங்கள்.

ஆவணம் கைக்கு வருமுன் யாரையும் ‘ஊழல்வாதி’, ‘திருடன்’ என்று சொல்லாதீர்கள். வாட்ஸ்அப் குழுவிலும் எழுதாதீர்கள். அவதூறு நம் நாட்டில் இன்னமும் குற்ற வழக்காகப் போகும். பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-வது பிரிவு அதற்குத்தான். ‘எஸ்டிமேட்டில் 60 மீட்டர், தெருவில் அளந்தால் 41 மீட்டர்’ என்று மட்டும் சொல்லுங்கள். தெளிவான பேச்சு உங்களுக்கும் காப்பு.

அலுவலகத்தில் ஊழியர் வழியை மறிப்பது, கோப்பைப் பிடுங்குவது, சட்டையைப் பிடிப்பது எதுவும் கூடாது. அரசுப் பணியைத் தடுத்ததாக வழக்கு விழுந்தால் உங்கள் வடிகால் மறந்துபோய், நீதிமன்றத் தேதிகள் மட்டும் மிஞ்சும். தனியாகப் போகாதீர்கள். இரண்டு மூன்று பேராகப் போங்கள். பேச ஒருவர், எழுத ஒருவர். ஒப்பந்ததாரருக்கு எதிரான ஆவணங்களைத் தேடும்போது மிரட்டல் வந்தால், வந்த நாளையும் நேரத்தையும் சொன்ன வார்த்தைகளையும் அன்றே எழுதி வைத்து, காவல் நிலையத்தில் புகார் கொடுத்து ரசீது வாங்குங்கள். ஆவணங்களின் இன்னொரு நகல் வேறு வீட்டில் இருக்கட்டும்.

இவை எல்லாவற்றையும் ஒரே கூட்டத்தில் செய்து பார்க்க வேண்டாம். அடுத்த கூட்டத்துக்கு ஒரே ஒரு வேலையை எடுத்துக்கொள்ளுங்கள். அது எத்தனையாவது படியில் நிற்கிறது என்று கேளுங்கள். பொறுப்பாளரின் பதவியும் ஒரு தேதியும் மினிட்டில் ஏறும் வரை உட்காராதீர்கள். அந்தத் தேதியன்று காலை அந்த இடத்தில் போய் நில்லுங்கள்.